பத்து லட்சமாவது பார்வையாளர்

உலக நிர்வாக வரலாற்றை யாராவது நேர்மையாக எழுதினால், எங்கள் அலுவலகத்து மூன்றாம் எண் கணினிக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த அத்தியாயத்தின் நாயகன் நான். தன்னடக்கம் காரணமாக இதை முதல் பத்தியிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

எங்களுடையது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். பிறந்தவர்கள் தாங்கள் பிறந்ததை நிரூபிக்க வருவார்கள். இறந்தவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்கள் சார்பில் மற்றவர்கள் வருவார்கள். கணினிகள் மூன்று. முதலாவது பழுது. இரண்டாவது, முதலாவதற்கு உதிரி பாகம் கொடுத்துத் தானும் பழுது. மூன்றாவது, கண்காணிப்பாளர் என்ற முறையில் என் மேஜையில் இருந்தது.

சான்றிதழ்களைப் பதிவு செய்பவர் டைப்பிஸ்டம்மா. தட்டச்சு இயந்திரங்கள் ஏலத்தில் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பட்டம் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. வேலை அவருடையது, கணினி என்னுடையது என்பதால், நான் கூட்டங்களுக்குப் போகும் நேரத்தில் அவர் உட்கார்ந்து பதிவு செய்வார். நான் இடைவிடாமல் கூட்டங்களுக்குப் போய் மக்கள் பணி தேங்காமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, எங்கள் தலைமை அதிகாரி ஒரு சுற்றறிக்கையை அனுப்பினார். எல்லாராலும் பெரியவர் என்று அழைக்கப்படுபவர் அவர். சுற்றறிக்கை போன வருடத்தையது. வருடத்தை மட்டும் மாற்றி மறுபடி அனுப்ப வேண்டும். ஆனால் அது பிடிஎஃப் கோப்பு. திருத்த முடியவில்லை. "இலவச பிடிஎஃப் மாற்றி" என்று தேடினேன். பச்சை நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான் வந்தது. அழுத்தினேன். "அடுத்து" என்றது. அழுத்தினேன். கோப்பு என்பது அடுத்த மேஜைக்குப் போவதற்காகவே பிறந்தது; "அடுத்து" என்று ஒன்று கண்ணில் பட்டால் அழுத்தாமல் இருக்க எனக்குப் பயிற்சி இல்லை. வழியில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. எனக்கு முன்பே யாரோ ஓர் உயர் அதிகாரி பரிசீலித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கணினியைத் திறந்தேன். வழக்கமான வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காணோம். அதன் இடத்தில் வானிலை, தொப்பையைக் கரைக்க மூன்று வழிகள், மூழ்கிய கப்பல் ஒன்றின் ரகசியம். நடுவில் வாணவேடிக்கையோடு ஓர் அறிவிப்பு:

"வாழ்த்துகள்! நீங்கள்தான் எங்கள் பத்து லட்சமாவது பார்வையாளர்!"

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இருபத்து மூன்று வருட சேவையில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது; நினைவூட்டல் வந்திருக்கிறது; இறுதி நினைவூட்டல் வந்திருக்கிறது. வாழ்த்து வந்ததில்லை. என் மனைவிகூட எங்கள் கல்யாண நாளை "இன்னிக்கு என்ன தேதி?" என்றுதான் கொண்டாடுவாள். கண் கொஞ்சம் கலங்கியதை மறைக்க விரும்பவில்லை.

பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"யாருய்யா குடுத்தது இது?"

"இன்டர்நெட் சார்."

"மொத்த இன்டர்நெட்டுமா?"

"அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"நம்ம ஆபீஸுக்கா, உங்களுக்கா?"

"சார், உங்க தலைமையிலதானே சார் நான் பார்த்தேன்."

பெரியவர் நெகிழ்ந்து கைகொடுத்தார். பன்னிரண்டு மணிக்குத் தேநீரோடு சிறு பாராட்டு விழா நடந்தது. அறிவிப்பு அச்சிடப்பட்டு வாசல் பலகையில் ஒட்டப்பட்டது. அப்போது டைப்பிஸ்டம்மா என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"சார், அது விளம்பரம் சார். என் வீட்டு கம்ப்யூட்டர்லயும் ஒரு தடவை வந்துச்சு. எல்லாருக்கும் பத்து லட்சம்தான்."

அடுத்தவர் உயர்வு சிலருக்குப் பொறுக்காது. பெருந்தன்மையோடு அவருக்கும் ஒரு பிஸ்கட் கொடுக்கச் சொன்னேன்.

அன்று மதியம் கணினி தன் சேவையை விரிவுபடுத்தியது. "எச்சரிக்கை! உங்கள் கணினியில் 47 வைரஸ்கள் உள்ளன" என்று சிவப்பில் காட்டியது. எங்கள் அலுவலகத்தில் நிலுவைக் கோப்புகள் எத்தனை என்று கேட்டால் "நிறைய இருக்கு" என்பதுதான் பதில். இதுவோ, கேட்காமலேயே எண்ணிச் சொல்கிறது! கூடவே ஒரு கேள்வி: "அறிவிப்புகளை அனுமதிக்கிறீர்களா?" கீழே இரண்டு பொத்தான்கள். அனுமதி. தடு.

இது கொள்கை முடிவு என்பதால் குழு கூடியது. பெரியவர், நான், கிடங்குப் பொறுப்பாளர். மூன்றாமவரை எல்லாரும் ஸ்டோர்ஸ் என்போம். முப்பது வருடமாகக் காலியான ஒரு கிடங்கைக் காத்துவருபவர் என்பதால் பாதுகாப்பு விஷயத்தில் அவர் சொல்வதற்குத் தனி மதிப்பு.

"தடுன்னு அழுத்தினா, யார் உத்தரவுல தடுத்தேன்னு நாளைக்குக் கேள்வி வரும்," என்றார் ஸ்டோர்ஸ்.

"அனுமதின்னா?" என்றார் பெரியவர்.

"அனுமதிச்சதுக்காக இதுவரைக்கும் ஒருத்தரும் சஸ்பெண்ட் ஆகல சார்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. புதன்கிழமை மாலைக்குள் முப்பத்தோரு தளங்களுக்கு அனுமதி வழங்கினேன். இத்தனை விரைவாக நான் யாருக்கும் எதையும் அனுமதித்ததில்லை. கணினியின் வலது மூலையில் நிமிடத்துக்கொரு கட்டம் எழும்பியது. முடி உதிர்கிறதா? தனிமையா? முழங்கால் வலியா? மூன்றுக்கும் ஆம். வெளியே வரிசையில் நிற்பவர்கள் யாரும் இவ்வளவு அக்கறையாக என்னை விசாரித்ததில்லை.

நர்ஸ் ஒருத்தி அந்த வரிசையில்தான் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சேர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து தவறு. அந்தத் தவறைச் செய்ததும் எங்கள் அலுவலகம்தான். திருத்தக் கட்டணமில்லை என்பது எங்கள் பெருமை. திருத்த விண்ணப்பத்தை எங்கள் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும்.

"போன்ல அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது சார்," என்றாள்.

நான் மனிதாபிமானம் உள்ளவன். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். துறையின் பெயரைத் தேடினேன். புதிய தேடல் பக்கம் முதலாவதாக ஒன்றைக் காட்டியது: "பிறப்புச் சான்றிதழ், ஐந்தே நிமிடத்தில்!" எங்கள் துறை இவ்வளவு முன்னேறியது எனக்கே தெரியாது. அவள் எல்லாவற்றையும் நிரப்பினாள். பெயர், பிறந்த தேதி, அம்மா பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டையின் படம். "நன்றி" என்றது திரை. எங்கள் துறை நன்றி சொன்னபோதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். பதிவேட்டில் அவள் விண்ணப்பம் இல்லை.

"வரலையேம்மா," என்றேன்.

"நீங்கதானே சார் திறந்து குடுத்தீங்க? உங்க முன்னாடிதானே எழுதினேன்?"

அவள் பேசும்போதே கைப்பேசி அடித்தது. துண்டித்தாள். மறுபடி அடித்தது.

"அன்னிலேருந்து இப்படித்தான் சார். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. கடன் வேணுமாங்கறாங்க, கார் பரிசு விழுந்திருக்குங்கறாங்க. நேத்து ஒருத்தர் என் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. அம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு சார்." கைப்பேசி மறுபடி அடித்தது. அணைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டத இவங்கதான்னு நெனச்சு வெச்சுட்டேன். நேர்ல ஓடிப்போய்க் கெஞ்சிட்டு வரேன். வெள்ளிக்கிழமை சர்டிபிகேட்டோட வரலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

டைப்பிஸ்டம்மா எழுந்து வந்தார். "சார், ஒரு மணி நேரம் விடுங்க. இது வைரஸ்கூட இல்ல. நீங்க இலவசமா ஒண்ணு இறக்கினீங்க இல்ல, அது தன் சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்திருக்கு. எடுத்துடலாம்."

"அம்மா, குழுவின் பரிசீலனையில் இருக்கும் பொருளில் தனிநபர் கை வைக்க முடியாது."

"குழு எப்போ கூடுது?"

"இப்போதான். பதினொன்றரைக்கு."

"அப்போ போயிட்டு வாங்க சார்," என்றார் அவர். அதில் இருந்த சூழ்ச்சி எனக்கு அப்போது புரியவில்லை.

நான் இல்லாதபோது அவர் செய்தவற்றை, பின்னர் அவரே எழுத்தில் கொடுத்த விளக்கத்திலிருந்து எடுத்துக் குற்றங்களாகவே இங்கே பதிவு செய்கிறேன். கணினியில் உள்ள மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து தேதிவாரியாக அடுக்கியிருக்கிறார். நான் பிடிஎஃப் மாற்றியை வரவேற்ற அதே நாள், அதே நிமிடத்தில் இன்னும் நான்கு பெயர்கள் வந்து உட்கார்ந்திருந்தன. ஐந்தையும் நீக்கினார். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த "விரைவுத் தேடல் நண்பன்" என்ற நண்பனைப் பிய்த்து எறிந்தார். முதல் பக்கத்தையும் தேடும் பக்கத்தையும் பழையபடி வைத்தார். குழு ஒருமனதாக வழங்கிய முப்பத்தோரு அனுமதிகளையும் ஒவ்வொன்றாக ரத்து செய்தார். துப்புரவு மென்பொருள் ஒன்றை, தேடிப் பிடிக்காமல், அதைத் தயாரித்தவர்களின் முகவரியைக் கையால் அடித்து இறக்கி முழுச் சோதனை ஓட விட்டார். அது ஓடிய நேரத்தில், அரசு நேரத்தில், நர்ஸோடு தன் சாப்பாட்டைப் பங்கிட்டுக்கொண்டார். என் பிறந்த நாளாக இருந்த கடவுச்சொல்லை மாற்றினார்.

பிறகு துறையின் சரியான தளத்தைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்ப வைத்தார். "இந்த மெயில் பாஸ்வேர்டு எல்லாத்தையும் இன்னிக்கே மாத்திடும்மா. அடையாள அட்டை வெளியே போயிருக்கு, அதுக்கு ஒரு புகார் எழுதிக் குடுத்துடு. நான் எழுதித் தரேன்," என்று புகாரையும் எழுதிக் கொடுத்தார். யார் திறந்து காட்டினார்கள் என்ற இடத்தில், என் பெயரைப் போடாமல் "அலுவலகக் கணினியில்" என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்கு அது பின்னால்தான் தெரியவந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் திருத்திய சான்றிதழ் கையெழுத்தாகி வெளியே போனது. வெள்ளிக்கிழமை நர்ஸ் வேலையில் சேர்ந்தாள். பத்து வருடமாக வைத்திருந்த கைப்பேசி எண்ணை மட்டும் விட்டுவிட நேர்ந்தது.

நாடகம் இங்கே முடிந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை பெரியவர் என் அறைக்கு வந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"என்னய்யா, ஒண்ணும் வர மாட்டேங்குது?"

"டைப்பிஸ்டம்மா எல்லாத்தையும் எடுத்துட்டாங்க சார்."

"வாழ்த்தையுமா?"

"வாழ்த்தையும்தான் சார்."

"குழு அனுமதிச்சத ஒரு டைப்பிஸ்ட் எடுக்கறதா? நாளைக்கு நம்மளையும் எடுத்துட்டா?"

அன்றே குற்றக் குறிப்பாணை தயாரிக்க உத்தரவானது. நான் எழுதினேன். முறைப்படி அனுமதிக்கப்பட்ட முப்பத்தோரு தளங்களை ஒழுங்கீனமாக நீக்கியது. கண்காணிப்பாளரின் கணினியைக் கண்காணிப்பாளர் இல்லாதபோது சரிசெய்தது. அலுவலகத்துக்குக் கிடைத்த பாராட்டுக்குக் குந்தகம் விளைவித்தது. தண்டனை: ஆவண அறைக்கு மாற்றம். அங்கே கணினி கிடையாது, ஜன்னலும் கிடையாது. அதே கோப்பில் எனக்கு "கணினிப் பாதுகாப்பு அலுவலர்" என்ற கூடுதல் பொறுப்பும் வழங்கப்பட்டது.

அலுவலகத்தில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் ஒருவர்தான். எனவே குறிப்பாணையை அவரிடமே கொடுத்தேன். அவர் முழுவதையும் படித்தார். பிறகு வேகமாக அடிக்க ஆரம்பித்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"சார், 'குந்தகம்'ல 'ந்' விட்டுட்டீங்க. போட்டுடட்டுமா?"

"போடுங்கம்மா."

அச்சிட்டு, எனக்கு ஒரு பிரதி, கோப்புக்கு ஒன்று, தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டார். பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் என் முதல் கடமையைச் செய்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா? இல்ல, இன்னும் ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கா? மறைக்காம சொல்லணும்."

"கம்ப்யூட்டருக்குள்ள இருந்தது எல்லாத்தையும் எடுத்துட்டேன் சார்," என்றார் டைப்பிஸ்டம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "கேட்காம வந்து உட்கார்ந்துக்கிட்டு, வர்றவங்களைத் தப்பான இடத்துக்கு அனுப்பறது வெளியேயும் ஒண்ணு ரெண்டு இருக்கு. அதை எடுக்க எனக்கு அனுமதி இல்ல."

அவர் ஆவண அறைக்குப் போன பிறகு, வெளியே இருப்பது எது என்று அறிக்கையில் குறிப்பிட வேண்டுமே என்று அறை முழுவதும் தேடிப் பார்த்தேன். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.