அழுங்கின் வெள்ளித் தட்டும் ஆமையின் கமென்ட்ரியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. கொஞ்சம் பொறுங்கள், பின்னால் வரும். முதலில் வருவது ஓர் அழுங்கு. எறும்புதின்னி என்று சொன்னால் சட்டென்று தெரியும். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெயர் வள்ளியப்பன்.

வள்ளியப்பன் பழைய படங்களின் லேசர் டிஸ்க் சேகரிப்பவர். லேசர் டிஸ்க் என்றால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வெள்ளித் தட்டு. டிவிடிக்கு அண்ணன். பிறந்தபோது யானை விலை. தம்பி பிறந்ததும் நாதி இல்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்தால் எழுந்துபோய் தோசையைப் போலவே புரட்டிப் போட வேண்டும். காட்டில் எல்லோரும் படுத்த வாக்கில் கைப்பேசியில் படம் பார்க்கிற காலத்தில், இவர் தன் வளையில் தரையிலிருந்து கூரை வரை தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். அதில் பாதி, உறையே பிரிக்காதவை. உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். பார்ப்பதற்கு ஒன்று, பார்க்காமல் வைத்திருப்பதற்கு ஒன்று என்று இரண்டிரண்டாக வாங்குவார். இந்த நோய்க்குக் காட்டில் மருந்து இல்லை.

இந்தத் தட்டுகளில் இன்னொரு விசேஷம் உண்டு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் படத்தின் சத்தம் அடங்கிவிடும். பதிலுக்குப் படத்தை எடுத்த டைரக்டரின் குரல் வரும். இந்தக் காட்சி எடுத்த அன்று மழை, நாயகனுக்குச் சளி, பின்னால் தெரிவது மலை இல்லை, அட்டை என்று ஓடுகிற படத்தின் மேலேயே பேசிக்கொண்டு போவார். அதற்குப் பெயர் கமென்ட்ரி. வள்ளியப்பனுக்கு அதுதான் உயிர். படத்தைப் படமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி உமையாளுக்கு இதில் ஒரு வருத்தம் இருந்தது.

“என்னங்க, ஒரே ஒரு தடவை அந்த டைரக்டரை வாயை மூடச் சொல்லிட்டு, படத்தைப் பேச விடுங்களேன். சிங்கம் கர்ஜிக்கிற இடத்துல அந்தப் பொண்ணு எதுக்கு அழுகுதுன்னே எனக்கு இன்னும் தெரியலை.”

“எதுக்கு அழுகுதா? கண்ணுல வெங்காயம். இப்பச் சொல்லுவார் பாரு.”

அந்தச் சிங்கம் கர்ஜிக்கிற படம்தான் வள்ளியப்பனின் பொக்கிஷம். பெயர் ‘கானகக் கோமகன்’. எடுத்தவர் கூர்மநாதன் என்ற ஆமை. சாவதற்குச் சில நாள் முன்பு ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, அந்தப் படத்துக்கு நிதானமாக ஒரு கமென்ட்ரி பேசி வைத்துவிட்டுப் போனார். வள்ளியப்பன் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் சொந்தத் தகப்பனார் பேசிக் கேட்டதைவிட அந்த ஆமை பேசிக் கேட்டதுதான் அதிகம். மனசு சரியில்லாத நாட்களில் அந்தத் தட்டைத்தான் போடுவார். “வாங்க, உக்காருங்க, படம் ஆரம்பிக்கப் போகுது” என்று ஆமை சொன்னதும் இவர் நிஜமாகவே கை கட்டி உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு பிரியம்.

இனி சிங்கம் வரலாம். மகாராஜா கர்ஜனேந்திரன். ‘கானகக் கோமகன்’ படத்தின் நாயகன் இவருடைய தாத்தா. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு புலி, சில நாளாக நடு ஆற்றுப் பாறை வரை வந்து உட்கார்ந்து இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகாராஜா கர்ஜித்து விரட்டியிருக்கலாம். ஆனால் அவர் கர்ஜனை சமீப காலமாகச் சரியில்லை. தொண்டைக்கட்டு என்று அரண்மனையில் சொன்னார்கள். பிறந்ததிலிருந்தே தொண்டைக்கட்டா என்று யாரும் கேட்கவில்லை.

மந்திரி நரி ஒரு வழி சொன்னது. “தாத்தா படத்தைப் போட்டுக் காட்டுவோம், மகாராஜா. அந்தக் கர்ஜனையைக் கேட்டா ஜனங்களுக்குத் தைரியம் வரும். நம்ம பரம்பரை எப்படிப்பட்டதுன்னு புலிக்கும் சேதி போகும்.”

கைப்பேசியில் தேடினார்கள். ‘இந்தப் படம் உங்கள் காட்டில் கிடைக்காது’ என்று வந்தது. உடனே வள்ளியப்பனுக்கு ஆள் போயிற்று.

“படத்தைப் போடு” என்றார் மகாராஜா. “போடலைன்னா உன் தட்டு அத்தனையையும் கயித்துல கட்டி சோளக்கொல்லையில தொங்க விட்டுருவேன். பளபளன்னு ஆடுறதைப் பாத்து ஒரு குருவி கிட்ட வராது.”

வள்ளியப்பன் நின்ற இடத்திலேயே சுருண்டுகொண்டார். உமையாள் வந்துதான் அவரை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் ஆற்றங்கரைக் குகையில் காட்சி. வாசலில் இருந்து நாவல் மரம் வரை வரிசை. முயல்கள் இடம் பிடித்து வைத்தன. குரங்குகள் அந்த இடத்தில் உட்கார்ந்தன. டிஸ்க் ஓட்டுகிற பெட்டி கருங்கல் கனம். பொன்னுத்தாயி என்ற கழுதைதான் அதை முதுகில் சுமந்து கொண்டு வந்தது. சுமந்த புண்ணியத்துக்கு ஓரமாக நின்று படம் பார்க்க அனுமதி கிடைத்தது.

பெட்டி உறுமியது. தட்டு சுழன்றது. வள்ளியப்பனின் நகம், பழக்கதோஷம், தானாகப் போய்க் கமென்ட்ரி பொத்தானை அழுத்திவிட்டது.

“வாங்க, உக்காருங்க, படம் ஆரம்பிக்கப் போகுது” என்றது ஆமை.

வள்ளியப்பனுக்குச் செதில் எல்லாம் விறைத்தது. ரிமோட்டைப் பாய்ந்து எடுத்தார். அதற்குள் திரையில் தாத்தா சிங்கம் நடந்து வந்தது. ஆமை, “அந்த நடையைப் பாருங்க, அப்படி ஒரு நடை இனிமே வராது” என்றது.

“யாருப்பா அது?” மகாராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்லா விஷயம் தெரிஞ்சவரா இருக்காரே!”

“மகாராஜா, இது வேற ஒலி. படத்தோட சத்தத்துக்கு மாத்திடறேன்.”

“மாத்தாதே. கடைசி வரைக்கும் இவர்தான் பேசணும்.”

ஆமையும் முதல் பக்கம் முழுக்க நல்லதாகவே பேசியது. தாத்தாவின் பிடரிக்கு எத்தனை பேர் எண்ணெய் தேய்த்தார்கள் என்றது. மகாராஜா பூரித்துப் போனார். வள்ளியப்பன் மட்டும் பக்கம் முடிய எவ்வளவு மிச்சம் என்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் இரண்டாம் பக்கத்தில் என்ன வரும் என்று அந்தக் குகையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதல் பக்கம் முடிந்தது. தட்டைப் புரட்டுகிற சாக்கில் நரியைத் தனியே இழுத்துப் போனார்.

“மந்திரியாரே, அடுத்த பக்கத்துல கர்ஜனைக் காட்சி வருது. அது தாத்தா குரலே இல்லைன்னு ஆமை ஐயா சொல்லிடுவார்.”

“பின்னே யாரு குரல்?”

வள்ளியப்பன் நரியின் காதில் சொன்னார். நரி தன் வாலை ஒரு தடவை பார்த்துக்கொண்டது.

“பொத்தானை மாத்திடவா?” என்றார் வள்ளியப்பன்.

“மகாராஜா வேணும்னதை மாத்தினா, மாத்தினவனுக்குத் தலை இருக்காது.”

“தட்டுல கீறல் விழுந்துடுச்சுன்னு சொல்லவா?”

“சொல்லேன். கீறல் விழுந்த தட்டு உனக்கு எதுக்கு? நேரா சோளக்கொல்லைக்குப் போகும்.”

“ஐயோ, நான் என்னதான் பண்றது?”

“இதுல என்ன இருக்கு? அவர் படத்துக்கு மேல பேசுறார். நீ அவருக்கு மேல பேசு.”

“கூர்மநாதன் ஐயாவுக்கு மேலயா!”

சாமி சிலை மேல் ஏறி நிற்கச் சொன்னது போல இருந்தது அவருக்கு. கண் கலங்கிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் சோளக்கொல்லை தெரிந்தது. தன் தட்டுகள் எல்லாம் காற்றில் ஆட, அவற்றின் மேல் காக்கை எச்சம் வழிந்தது. பிரிக்காத உறைகளைப் பிரித்துத்தான் கட்டுவார்களோ என்று நினைத்தபோது அவர் மனம் துணிந்துவிட்டது.

இரண்டாம் பக்கம் ஓடியது. தாத்தா சிங்கம் பாறை மேல் ஏறியது. வாயைத் திறந்தது. ஆமை தொண்டையைச் செருமிக்கொண்டு, “இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும்” என்று தொடங்கியது.

வள்ளியப்பன் குதித்து எழுந்தார். “மகாஜனங்களே! வலது மூலையில இருக்கிற அந்தப் புதரைக் கவனிக்கணும்! அது சாதாரணப் புதர் இல்லை. அதுக்கு வலது பக்கம் இன்னொரு புதர் இருக்கு. அது ஏன் ஃபிரேம்ல வரலைன்னா...”

ஆமை பேசியது. வள்ளியப்பன் அதற்கு மேல் பேசினார். வெளிச்சத்தைப் பற்றி, நிழலைப் பற்றி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி. கரடி குறட்டை விட்டது. மான்கள் ஒன்றையொன்று பார்த்து, புரிந்தது போல் தலையாட்டின.

ஆனால் கழுதைக்குக் காது நீளம் என்பதை நரி மறந்துவிட்டது. பொன்னுத்தாயி, அத்தனை இரைச்சலுக்கும் அடியில் ஆமை சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டது.

“நம்ம ஹீரோ வாயைத் திறந்தா, பூனை கொட்டாவி விட்ட மாதிரிதான் வந்துச்சு. என்ன செய்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தோம். அப்ப பாத்திரம் சுமக்க வந்த மாடசாமிங்கிற கழுதை, ஆத்தங்கரைக் குகைக்குள்ள நின்னு ஒரு கத்து கத்துச்சு பாருங்க, உடம்பு சிலுத்துடுச்சு. அதைப் பிடிச்சுப் போட்டோம். அவன் பேரைப் படத்துல போடலை. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு உறுத்துது.”

“எங்க தாத்தா!” என்று கத்தியது பொன்னுத்தாயி. “அது எங்க மாடசாமித் தாத்தா குரலு!”

“அந்தக் கழுதை என்ன சொல்லுது?” என்று கேட்டார் மகாராஜா.

“அதுவும் ஒரு கருத்து, மகாராஜா” என்றது நரி. “இதைப் பத்தி மத்தவங்களும் பேசட்டும்.”

அவ்வளவுதான். குரங்கு எழுந்து தன் கருத்தைச் சொன்னது. அதை மறுத்து மயில் சொன்னது. காட்டெருமை இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றது. கொஞ்ச நேரத்தில் எதைப் பற்றிய பேச்சு என்பதே யாருக்கும் நினைவில்லை. பொன்னுத்தாயி பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பிப் போனது.

வள்ளியப்பனின் தட்டுகள் பிழைத்தன. புதரைப் பற்றி இவ்வளவு ஞானமா என்று வியந்து, மகாராஜா அவரை அரசவைக் கமென்ட்ரிக்காரர் ஆக்கினார். மகாராஜா தூங்கினாலும் தும்மினாலும் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது வேலை.

வீட்டில்தான் சிக்கல். ஒரு நாள் மனசு சரியில்லாமல் ஆமையின் தட்டைப் போட்டார். “வாங்க, உக்காருங்க” என்றது ஆமை. “இங்கே டைரக்டரின் குரலில் உள்ள நிதானத்தைக் கவனிக்கணும்” என்று இவர் ஆரம்பித்தார். நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. ஆமை பேசப் பேச இவர் வாயும் கூடவே ஓடியது. அத்தனை தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் கேட்க முடியாமல் அழுதார். அழுகைக்கும் விளக்கம் சொன்னார்.

“முன்னாடி ஒருத்தர் பேசினார். இப்ப ரெண்டு பேர்” என்று சொல்லிவிட்டு உமையாள் வெளியே கிளம்பினாள். ஆமை சொல்லிச் சொல்லிக் கேட்ட அந்தக் கத்தலை ஒரு தடவையாவது காதால் கேட்க, நேராகப் பொன்னுத்தாயியிடம் போனாள்.

“அந்தக் குகைக்குள்ள போய் ஒரு தடவை கத்து தாயி. உங்க தாத்தா கத்தின மாதிரி.”

“கத்தவா ஆச்சி? இம்புட்டு நாளா எல்லாரும் கத்தாத கத்தாதன்னுதான் சொல்லியிருக்காக.”

பொன்னுத்தாயி குகைக்குள் போய் மூச்சை இழுத்து, சுமந்த சுமையெல்லாம் சேர்த்து ஒரு கத்து கத்தியது. பாறைகள் அதை வாங்கிப் பெரிதாக்கி வெளியே விட்டன. உமையாளுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணில் கரகரவென்று நீர் வந்தது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

“அந்தப் பொண்ணு எதுக்கு அழுதுச்சுன்னு இப்பத்தான் தெரியுது” என்றாள்.

நடு ஆற்றுப் பாறையில் இருந்த புலி, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தண்ணீரில் விழுந்து, அக்கரை ஏறி, அடுத்த காட்டுக்கு ஓடிப்போயிற்று.

அந்த நேரத்தில் குகைக்கு மேலே, பாறையில் உட்கார்ந்து மகாராஜா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டு, திறந்த வாயை மூடாமல், வேலைக்கு வந்து பக்கத்தில் நின்ற வள்ளியப்பனைத் திரும்பிப் பார்த்தார். வள்ளியப்பனுக்குக் கீழே யார் என்று தெரியும். அது மாடசாமி வம்சம் என்று தெரியும். ஆமை ஐயாவுக்கு எது உறுத்தியது என்பதும் தெரியும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

“மகாஜனங்களே!” என்றார். “மகாராஜா வாயைத் திறந்ததும் புலி ஓடுகிற அழகைக் கவனிக்கணும்!”

நீதி: உண்மையை மூடி வைக்க மூடி தேடி அலையாதே, அதன் மேல் ஏறி நின்று விளக்கம் சொல்ல, அதை மிகவும் நேசிக்கிற ஒருவனைப் பிடி.