மாமாவுக்கு ரெண்டு வடைதான்

சாப்பாட்டு விஷயத்தில் புதுசாக ஞானம் வந்தவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. இருபத்து மூணு வயதில் அந்த ஆள் நான்தான்.

மேடவாக்கத்தில் அபார்ட்மெண்ட்டுகளும் தண்ணி லாரிகளும் பெருகிக்கொண்டிருந்த நேரம். ஐடி வேலை கிடைத்து, ஜிம்மில் சேர்ந்து, முளைகட்டிய பயறே கதி என்று கிடந்தேன். அந்த ரமலானில்தான் அக்காவின் புகுந்த வீட்டார் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்தார்கள். கல்யாணமாகி மூணு மாசம். அங்கே அக்காவுக்கு நல்ல பேர் கிடைக்க வேண்டுமே என்று அம்மா கஞ்சி, வடை, சமோசா என்று அல்லாடிக்கொண்டிருந்தார். என் பங்குக்கு ஒரு தாம்பாளம் பச்சைப்பயறை முளைக்க வைத்திருந்தேன்.

"ஒரு கொதி விட்டுடலாம்டா," என்றார் அம்மா.

"வேக வெச்சா சத்து போயிடும்மா." (பெரிய விஞ்ஞானி.)

குடிக்கிற தண்ணியை நாங்கள் காய்ச்சித்தான் குடிப்போம். பயறுக்கு மட்டும் தரைக்கடி சம்ப் தொட்டியில் கிடந்த லாரித் தண்ணியை அப்படியே தெளித்தேன். செடிக்கு ஊற்றுகிற தண்ணியை எவனாவது காய்ச்சுவானா என்ன?

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் எல்லாரும் வடையில் கை வைத்தார்கள். என் பயறை ஒருத்தரும் சீண்டவில்லை. என் முகம் தொங்கிப்போனதை அக்காவின் மாமனார் பார்த்துவிட்டார். தாம்பரத்தில் செருப்புக்கடை வைத்திருந்தவர்; எனக்கும் மாமாதான். "இப்டித் தள்ளு தம்பி," என்று ரெண்டு கிண்ணம் சாப்பிட்டார். பத்து வயசிலிருந்து ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் கிளினிக்கில் டிரிப்ஸ் ஏறக் கிடந்தார். அடித்துப் பிடித்து ஓடினேன். டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காய்ச்சாத தண்ணியத் தெளிச்சு, ஈரத்துணியில கதகதன்னு மூடி வெச்சா, பயறு மட்டுமாப்பா வளரும்? கிருமியும் சேர்ந்துதான் வளரும்."

பட்டப்பகலில் உப்புச்சர்க்கரைத் தண்ணியை வாயருகே கொண்டுபோன மாமா, குடிக்க மனசு வராமல் பிடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"என் பயறாலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் மாமா."

"சும்மா இரு தம்பி. மருமவ வூட்ல துன்னுட்டுப் படுத்துக்கினாருன்னு பேராயிடும். அந்தப் பொண்ணு எங்க வூட்ல வாழ வேணாமா?"

வெளியே நின்ற சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, நேற்றுத் தொழுகை முடிந்து வரும் வழியில் தள்ளுவண்டியில் ஆசைப்பட்டு எட்டு வடை தின்றுவிட்டதாகச் சொன்னார். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். "நோன்பு வெச்ச வாயால பொய் சொல்லக் கூடாது. எனக்குத்தான் இன்னிக்கு நோன்பு இல்லியே."

விட்ட நோன்பைப் பெருநாள் கழித்து நோற்றார். நானும் கூடவே நோற்றேன். அதில் என் வருத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஏனென்றால் இன்றைக்கும் நோன்பு திறக்க உட்கார்ந்தால் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்: "மாமாவுக்கு ரெண்டு வடைக்கு மேல வைக்காதீங்கப்பா, அப்புறம் டிரிப்ஸ்தான்." வீடே சிரிக்கும். கிண்டலில் அக்காதான் முதல் ஆள். மாமாவும் சிரிப்பார். வடை என்றால் அவருக்கு உயிர்.

அவர் கிளம்பும்போது யாரும் பார்க்காமல் நாலு வடையைக் காகிதத்தில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிடுவேன். பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்பார்:

"வெந்துச்சா தம்பி?"