டிராக்டர் ஆயிலும் இடது காதும்

படித்தவனிடம் காரின் பானெட்டைத் திறந்துவிட்டுப் போகக் கூடாது. என் மருமகன் அந்தத் தவறைச் செய்தார். மீதித் தவறுகள் எல்லாம் என்னுடையவை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் களிக்கூழைச் சோதித்தே காலம் தள்ளியவன் நான். அடியில் துளையிட்ட கோப்பையில் கூழை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் ஒழுகித் தீர்கிறது என்று பார்ப்போம். சீக்கிரம் ஒழுகினால் கெட்டிக் கூழைக் கலந்து சரிசெய்வோம். ஓய்வு பெற்றபோது ஒரு கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். (கேட்டுத்தான்.)

பேத்திக்கு ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் காதுகுத்து. முதல் நாள் மருமகன் சொன்னார்: "மாமா, என்ஜின் ஆயிலு கொஞ்சம் கம்மியா இருக்குதுங்க. அரை லிட்டரு வாங்கி ஊத்திடுங்க. புக்குல போட்டிருக்குற நம்பர மட்டும் மாத்திடாதீங்க."

கார் புத்தகத்தில் போட்டிருந்த 0W-20 ஆயிலையே வாங்கினேன். பேசாமல் ஊற்றியிருக்கலாம். கோப்பையில் விட்டுப் பார்த்தேன். தண்ணீராய் ஓடியது. போலிச் சரக்கு என்று முடிவு கட்டி மறுபடியும் கடைக்குப் போனேன்.

"இருக்குறதுலயே கெட்டியா ஒண்ணு குடுங்க."

"டிராக்டருக்குங்களா சார்?"

"ஆமா" என்றேன். (காருக்கென்றால் கேள்வி கேட்பார்.)

பழைய ஆயிலை இறக்கவில்லை. கூழைச் சரிசெய்வதுபோல அதன் மேலேயே ஊற்றினேன், கேன் காலியாகும் வரை. டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி எங்கோ நின்றது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் மருமகன்தான் ஓட்டினார். நான் ஊற்றிவிட்டேன் என்றதால் அவர் திறந்து பார்க்கவில்லை. கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் பின்னால் சாலையே தெரியாதபடி புகை. என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, ரிட்டையர் ஆவும்போது சூளையயும் கேட்டு வாங்கினு வந்துட்டீங்களா?"

கார் இருமி நின்றது. மருமகன் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார்.

"என்னா ஊத்துனீங்க மாமா?"

சொன்னேன். கோப்பைச் சோதனையையும் விளக்கினேன். (நடு ரோட்டில், கைக்குழந்தை அழுதுகொண்டிருக்க.)

"சரிங்க மாமா. பஸ்ஸு வருது, ஏறுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

புத்தகத்தைப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். முன் எண் குளிர்ந்த நிலைக்கு, பின் எண் சூடான நிலைக்கு. அந்த என்ஜினின் நுண்ணிய சந்துகளுக்குள் சட்டென்று ஓடிச் சேரத்தான் ஆயில் அத்தனை மெலிதாக இருக்கிறதாம். நான் ஓடுவதையே குற்றமாகப் பார்த்தவன்.

கோயிலில் காது குத்தும் பத்தர் அடுத்த விசேஷத்துக்குக் கிளம்பி நின்றார். நல்ல நேரமும் தீரப்போகிறது. அவசரமாகக் குத்தினார். வலது காது சரியாக அமைந்தது. பஸ் நெரிசலில் கத்திக் களைத்த குழந்தை, இடது காதுக்கு வந்தபோது தலையை வெடுக்கென்று திருப்பிவிட்டாள். துளை மேலே ஏறிவிட்டது.

கார் செலவோடு பிழைத்துவிட்டது. காது அப்படியே இருக்கிறது. பேத்தி இப்போது மூன்றாவது படிக்கிறாள். ஒரு கம்மல் ஏன் ஏறி நிற்கிறது என்று யார் கேட்டாலும், "இது எங்க தாத்தா ஆயில் ஊத்துன காது" என்பாள். வீடே சிரிக்கும். நானும்தான்.

போட்டோ எடுக்கும்போது மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து நின்று, "இப்ப ரெண்டும் நேரா இருக்குதா தாத்தா?" என்று என்னைத்தான் கேட்பாள்.

இருக்குதும்மா என்பேன்.