பெரியவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளும்படி அண்ணனுக்கு

மிகுந்த அன்பும் அதைவிட மிகுந்த கோபமும் கலந்து அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கொட்டகையில் கிடந்த தொல்லையை என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டவருக்கு என்ன குறை? அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து அந்த மூக்கு நீண்ட லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்கு வயது அறுபத்திரண்டு. எனக்கே மூத்தது. அதனால் உங்கள் மாப்பிள்ளை அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்கிறார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர், காலையில் நான் பாத்திரத்தை உருட்டினால், "மெதுவா, பெரியவர் இன்னும் எழுந்திருக்கலை" என்கிறார். எழுப்புவது என்றால் மூக்குக்குக் கீழே கம்பியைச் சொருகிச் சுற்ற வேண்டும். அவர் சுற்ற, நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க, கிளம்புகிற புகையில் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் கறுப்பாகிவிடும். அந்த வீட்டு அம்மாள் என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது.

போன புதன்கிழமை நடந்ததைக் கேளுங்கள். பல் டாக்டரான என் மகள், உங்கள் மருமகள், அன்றுதான் புதுக் கிளினிக்குக்கு மாறினாள். பன்னிரண்டு மணிக்கு முதல் நோயாளி. "உங்க பெரியவரை நம்பி என் நாற்காலியை ஏத்த முடியாதுப்பா" என்று சிரித்துவிட்டு, பளபளவென்று ஒரு புது லாரியை அமர்த்தினாள். பதினொரு மணிக்குப் போன் வருகிறது. லாரி மேட்டில் பாதியில் நின்றுவிட்டதாம். டிரைவர் சொன்னாராம்: "என்ஜின் நல்லாத்தாங்க இருக்கு. கம்ப்யூட்டர்தான் ஒத்துக்க மாட்டேங்குது." பிறகு இவள் குரல் இறங்கியது. "அப்பா, பெரியவரைக் கூட்டிட்டு வர்றீங்களா?"

இவருக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பினோம். முதல் சிக்னலிலேயே போலீஸ்காரர் கையைக் காட்டினார். போச்சு என்று நினைத்தேன். அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஒரே ஒரு தடவை ஹாரன் அடிச்சுக்கட்டுங்களா?" என்றார். நாலு தடவை அடித்தார். பெட்ரோல் பங்க்கில், அந்தக் காலத்தில் இதே மாதிரி லாரி ஓட்டியவராம், ஒருவர் கேபினில் ஏறி ஸ்டியரிங்கைத் தடவிக் கண்கலங்கினார். இறங்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்? நடுவில் உட்கார்ந்து எங்களோடே வந்தார். மேட்டில் சங்கிலி மாட்டி இழுத்தோம். ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியதே தவிர, பெரியவர் ஒரு முக்கல் முக்கி அந்தப் புது லாரியை உச்சி வரைக்கும் இழுத்துவிட்டார். அந்த டிரைவர் கூச்சமே இல்லாமல், "அண்ணே, கொஞ்சம் நானும் இதில உட்கார்ந்துக்கறேன்" என்று கெஞ்சினார்.

உச்சியில் நாற்காலியைப் பெரியவர் மேல் மாற்றி ஏற்றிக்கொண்டு, பன்னிரண்டரைக்குக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி நோயாளி வாசலில் நிற்கிறார். உங்கள் மருமகள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கிறாள். அவர் காதிலேயே வாங்கவில்லை. நேராக வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லித் தலையை உள்ளே விட்டார். மூன்று தடவை கூப்பிட்டாள். "பல்லு எங்க போயிடப் போவுது டாக்டர், இருங்க" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

அன்றிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை. தெருவில் எந்த வண்டி நின்றாலும் சங்கிலியோடு ஓடுகிறார். என்னால் ஆகாது, அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். உங்களையும் அண்ணியையும் வணங்கி, நகமெல்லாம் கிரீஸோடு முடிக்கும்,

உங்கள் தங்கை

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது இவர், "மைதானம் காலியாத்தான் இருக்கு, நீ ஒரு சுற்று ஓட்டிப் பாரேன்" என்றார். பதினோரு சுற்று ஓட்டினேன். லாரி உரிமத்துக்கு இன்றே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், எனக்குப் பயிற்சி இருக்கிறது. இவரும் பக்கத்தில் உட்காரலாம் என்று அனுமதித்திருக்கிறேன், நான் கியர் மாற்றும்போது வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.