போர்வையில் ஓடிய வேலுமணி

“என்னைய எதுக்கு அம்மணி ஓட உட்டே?”

வேலுமணிக்கு அழுகையே வந்துவிட்டது. கொடியில் தொங்கிய ஒட்டுத்துணிப் போர்வையில் தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், காட்டெருமை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. காட்டெருமைக்கு முன்னால் ஒருவன் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தான். அவனுடைய லுங்கி பின்னால் ஒரு தேயிலைச் செடியில் மாட்டிக் கிடந்தது.

“நீங்க ஓடுனீங்க, தெச்சேன். கதைப் போர்வைன்னா நெசத்தத்தானுங்க தெக்கோணும்” என்றாள் அவன் மனைவி ரேணுகா. துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்து அவள் சொல்லும் கதைகளுக்கு ஊட்டி கண்காட்சியில் பரிசே கிடைத்திருக்கிறது. இந்தப் போர்வையை இத்தலார் தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் தொங்கவிடக் கேட்டிருந்தார்கள்.

வம்பே அங்கேதான். பச்சைத் தேயிலை விலை எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக்கிடந்த காலம் அது. ஃபேக்டரிக்காரர்களோடு மல்லுக்கட்ட ஒரு தைரியசாலித் தலைவரை ஊரே தேடியது. காட்டெருமையை ஒண்டியாக விரட்டியதாக வேலுமணி அவிழ்த்துவிட்ட கதைதான் அவனை முன்னால் நிறுத்தியிருந்தது. உண்மை ரேணுகாவுக்கு மட்டும் தெரியும். தேர்தல் அன்று மதியம், அதே கூட்டத்தில்.

“ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது அம்மணி. நான் வெரட்டற மாதிரி திருப்பிப் போடு!”

அலுத்துக்கொண்டே தையலைப் பிரித்து அவனைத் திருப்பினாள். இப்போது லுங்கி இல்லாத ஒருவன் காட்டெருமையைத் துரத்திக்கொண்டிருந்தான்.

“ஐயோ, லுங்கியக் கட்டி உடு!”

கைக்குக் கிடைத்தது பூப்போட்ட சேலைத் துண்டு. கட்டிவிட்டதும், யாரோ ஒரு அத்தை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல இருந்தது.

“காட்டெருமையப் பெருசாக்கு. அப்ப என்னைய யாரும் பாக்க மாட்டாங்க” என்று வேலுமணி தன் குடையையே கிழித்துக் கறுப்புத்துணி கொடுத்தான்.

“கரி மூட்டையாட்டம் இருக்குதுங்க” என்றாள் ரேணுகா.

“அதுக்கு நாலு காலும் முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கும். அன்னைக்கு நானே பாத்தேன். அதத் தை!”

கூட்டத்துக்கென்று தேய்த்து வைத்திருந்த அவன் வேட்டியில் ஒரு சாண் போயிற்று.

குடையில்லாமல் மழையில் நனைந்து, முழங்காலுக்கு ஏறிய வேட்டியோடு மேடையேறினான் வேலுமணி. போர்வையைப் பார்த்ததும் கூட்டம் விசிலடித்தது.

“காட்டெருமையவே வெரட்டுனவரு! இவருதான் நம்ம தலைவரு!”

கழுத்தில் மாலை விழுந்தது. வேலுமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரேணுகா கூடச் சிரித்துக்கொண்டே கைதட்டினாள்.

கூட்டத்துக்குப் பால் ஊற்ற வந்த பொன்னாயி மட்டும் தூக்குவாளியோடு போர்வைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பூரித்துப்போய், மைக்குக்கே கேட்கும்படி கத்தினாள்:

“அட, எங்கூட்டுச் செனை எருமைங்க இது! கால் புண்ணுக்கு நான் கட்டி உட்ட வெள்ளைத்துணியக்கூட உடாமத் தெச்சிருக்கீங்களே, அம்மணி!”