பாக்குவெட்டியும் ஒரு வெள்ளி ரூபாயும்

கல்யாணம் நின்றுபோக ஆயிரம் காரணம் உண்டு. ஜாதகம், சீர், சித்தியின் வாய். என் கல்யாணம் ஒரு வெள்ளி ரூபாயால் நின்றது. அதுவும் அது நல்ல ரூபாய் என்பதால்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. மாம்பலம் அப்போதுதான் ஊராகிக்கொண்டிருந்தது. மந்தைவெளியிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு அங்கே பெண் பார்க்கப் போனேன். துணைக்கு அத்தை மகன் சீனு. பெண்ணின் பெயர் அலமேலு. பார்த்த மாத்திரத்தில் இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். (அவளை யார் கேட்டார்கள்?)

வெற்றிலைத் தட்டு வந்தபோது அவள் அப்பா மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கமும் அதே தலை, ஆனால் குழிவாக, இடம் வலம் மாறி.

"என் முதல் சம்பளத்துல வந்தது. அரிசிக்கு இல்லாத மாசத்துலகூட இதை மாத்தலை. எல்லாரும் போலிங்கறா. நீங்க பழங்காசெல்லாம் சேர்க்கறேளாமே?"

கேட்கவேண்டுமா! "நாணயச்சாலை அச்சுல முந்தின காசு ஒட்டிண்டுட்டா அடுத்த காசு இப்படிக் குழியும், மாமா. போலி பண்றவா ரெண்டு காசைச் சேர்த்து நசுக்குவா. அப்போ மேடா இருக்கற பக்கத்து முகம் சப்பையாயிடும். இதுல பாருங்கோ, தாடி மயிர்கூடத் தெரியறது. அசல்!"

அவர் கண் கலங்கிவிட்டது. கதவிடுக்கில் அலமேலு சிரித்தாள். அத்தோடு வாயை மூடியிருக்கக்கூடாதோ? சனி நாக்கில் உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளி முலாமா இருந்தா என்ன பண்றது? ஒரு நிமிஷம்" என்றேன். அவர் 'வேண்டாம்' என்பதற்குள் தட்டிலிருந்த பாக்குவெட்டியால் விளிம்பை நறுக்கிவிட்டேன். உள்ளே செம்பு இல்லை. வெள்ளை வெளேரென்று வெள்ளி.

"சுத்த வெள்ளி, மாமா!" என்று கூவினேன். சீனுகூட பஜ்ஜி தின்பதை நிறுத்திவிட்டான்.

அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாளா சந்தேகம்தான் இருந்தது. இப்போ வெட்டுப்பட்ட காசுன்னே ஆயிடுத்து. இனிமே எவன் நம்புவான்?"

உள்ளேயிருந்து அலமேலுவின் குரல் வந்தது. "அப்பா, என்னையும் இப்படித்தான் சோதிச்சுப் பார்ப்பாரோ?"

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. மந்தைவெளி வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுதேன், வெட்கமில்லாமல்.

அடுத்த தையில் அலமேலுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சீனு. "அடக்கமான பிள்ளை. வந்தான், பஜ்ஜி தின்னான், எதையும் தொடலை" என்றாராம் அவள் அப்பா.

இன்றைக்கும் அவர்கள் வீட்டு விருந்து முடிந்தால் எல்லோர் முன்னாலும் வெற்றிலைத் தட்டோடு பாக்குவெட்டி வரும். எனக்கு மட்டும் அலமேலு உள்ளேயே பாக்கைச் சீவி எடுத்துவந்து கையில் கொடுப்பாள்.