மஞ்சள் துணி கட்டிய மெர்பாவ்

"அக்கா, காட்டிலாகா ஆபிசர் உங்க அட்ரஸ் கேட்டாரு. குடுத்துட்டேன்" என்றான் லோரிக்காரக் குரு, போனில்.

மலர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக் கேட்டாரு?"

"தெரியாதுலா. நான் ஏத்திட்டு வந்த அந்த மெர்பாவ் மரக்கட்டைய யாரு வாங்கினதுன்னாரு. நாளைக்கு வராராம்."

கிள்ளானில் அவள் வீட்டு கார் போர்ச்சில்தான் கட்டை கிடந்தது. வெட்டு முகம் முழுக்கச் சுழி சுழியாக, மழைத்தண்ணீர் கலங்கியதுபோல் வரிகள். அந்த அழகில் மயங்கி, எந்தக் காட்டில் வெட்டியது என்று கேட்காமலே வாங்கிவிட்டாள். பிரிக்பீல்ட்ஸில் அவள் மரத்தட்டு விற்கும் மேசையிலோ ஒரு போர்டு: 'பழைய கதவு, கட்டில் மரம் மட்டுமே. காட்டு மரங்களைக் காப்போம்.'

ஜெயில் ஒரு பயம். அந்த போர்டோடு சேர்த்துப் படம் பிடித்துப் போடுவார்களே, அது அதைவிடப் பெரிய பயம்.

கட்டையை உருட்டிப் பார்த்தாள். அசையவில்லை. நீல கான்வாஸால் மூடிக் கயிறு கட்டினாள்.

பக்கத்து வீட்டுத் தங்கமணி ஆன்டி கேட்டுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பொணத்த கட்டி வெச்ச மாதிரி? போலீசக் கூப்பிடவா?"

"ஐயோ, வேணாம் ஆன்டி! அது... அது சாமி."

"சாமியயா கான்வாஸ்ல கட்டி வெச்சிருக்க?"

வேறு வழியில்லை. கடைக்கு ஓடி மஞ்சள் துணி வாங்கி வந்து சுற்றினாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். மரம் துளிகூடத் தெரியவில்லை. அன்றிரவு ஓரளவு தூங்கினாள்.

காலையில் கதவைத் திறந்தால் போர்ச் நிறைய ஆள். எலுமிச்சை விளக்குகள் எரிந்தன. சாமிக்குத் தனிக் கூரை போடத் தகரத்தோடு நின்றார் எதிர்வீட்டுச் சின்னையா அங்கிள்.

"நேத்து இங்க கும்பிட்டுப் போன கையோட என் மருமகனுக்கு போர்ட் கிள்ளான்ல வேலை கெடச்சிருச்சு" என்றார் ஆன்டி.

"எல்லாரும் கொஞ்சம் போயிட்டு அப்புறமா..."

"சாமி உனக்கு மட்டுமா சொந்தம்?"

அப்போது பச்சைச் சீருடையில் ஜீப்பிலிருந்து இறங்கினார் ஆபிசர் லோகன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, துணியின் ஓரத்தைத் தூக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" கூட்டமே கத்தியது.

"தொட்டா கை வெளங்காது பாத்துக்க" என்று தகரத்தோடு குறுக்கே வந்தார் சின்னையா.

லோகன் பின்வாங்கினார். துணியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மலரை ஜீப்பின் மறுபக்கம் கூப்பிட்டார்.

"சார், மன்னிச்சிருங்க" என்று அவள் அழுதே விட்டாள். "அது சாமி இல்ல. வெறும் மெர்பாவ். திருட்டு மரமான்னு கேக்காம வாங்கிட்டேன். பயந்துபோயி நான்தான் துணி சுத்தினேன்."

"ஷ்ஷ், சத்தம் போடாதீங்கம்மா!" லோகன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது காத்துல விழுந்த மரம், நாங்களே ஏலத்துல வித்தது. அதுல என்ன செஞ்சிருக்கீங்கன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். அத விடுங்க. காட்டுல இன்னும் நிக்கிற மெர்பாவுக்கெல்லாம் போர்டு வெச்சோம், வேலி போட்டோம், ஒருத்தனும் வெட்டறத நிறுத்தல... இந்த மஞ்சத்துணிய எந்தக் கடையில வாங்கினீங்க?"